கம்பி திறந்த கதவு

"சாவி திரும்ப மாட்டேங்குது தம்பி. கொஞ்சம் இறங்கி வந்து பாரு."

ஏணியில் நின்று மாடிப்படிச் சுவருக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்த கம்பியின் கையிலிருந்து பிரஷ் நழுவியது. மூன்று வருடம் சிறை என்று அவனுக்குத் தீர்ப்பு வாசித்த அதே குரல். நீதிபதி ஐயா ஓய்வு பெற்று இந்தக் கட்டிடத்தில்தான் இருக்கிறார் என்று தெரிந்திருந்தால், வேலைக்கே வந்திருக்க மாட்டான்.

எந்தப் பூட்டையும் ஒரு துண்டுக் கம்பியால் திறந்துவிடுவான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அதனாலேயே கம்பி எண்ணவும் போனான். வெளியே வந்த அன்று மனைவி வாசலை மறித்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே எவன் வீட்டுப் பூட்டையாவது தொட்டே, இந்த வீட்டுக்குள்ள காலடி வைக்காதே." அன்றிலிருந்து சொந்த வீட்டைக்கூட அவள்தான் திறப்பாள். அவன் கைகட்டி நிற்பான்.

"ஐயா, எனக்குப் பூட்டைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க."

"பூட்டைப் பத்தித் தெரிய என்னடா இருக்கு? பேப்பர் எடுக்கக் கீழ போனேன், கதவு சாத்திக்கிச்சு. உள்ள அடுப்புல பால் இருக்கு. வீட்டம்மா கடைக்குப் போயிருக்கா. வந்து பார்த்தா என்னைத் தொலைச்சுக் கட்டிடுவா!"

ஊரையே நடுங்க வைத்த மனிதர் நடுங்குவதைப் பார்த்ததும் கம்பிக்கு மனசு கேட்கவில்லை. இறங்கி வந்து சாவியை வாங்கினான். பார்த்த பார்வையிலேயே விஷயம் புரிந்தது: இந்தச் சாவிக்கும் இந்தப் பூட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அதைச் சொன்னால், 'உனக்கெப்படித் தெரியும்?' என்று கேட்பாரே!

ஒன்றும் தெரியாதவன் எப்படித் திருப்புவான் என்று யோசித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினான். சாவி இரண்டாக உடைந்தது.

"ஐயய்யோ!" என்றார் நீதிபதி.

"பதறாதீங்க, இடிச்சுத் தள்ளிடலாம்" என்று தோளால் ஓங்கி மோதினான். கதவு அசையவில்லை. ஏணிதான் சரிந்தது. அதில் தொங்கிய வாளி கவிழ்ந்து, கதவும், மூக்குக்கண்ணாடி உட்பட நீதிபதியும் நீலமானார்கள்.

"டேய், நீ எனக்கு உதவி பண்றியா, பழி வாங்குறியா?"

அந்தக் கேள்வி கம்பிக்குச் சுருக்கென்றது. அதற்குள் பால் தீயும் வாசனை குப்பென்று வந்தது.

"ஐயோ, வீடே எரியப் போகுதுடா!"

கம்பி ஒரு கணம் மனைவியை நினைத்தான். பிறகு வாளியின் கைப்பிடிக் கம்பியைக் கழற்றினான். உடைந்த துண்டு வெளியே விழுந்ததும் கதவு திறந்ததும் ஒரே மூச்சில் நடந்தன.

இருவரும் சமையலறைக்கு ஓடினார்கள். அடுப்பு சுத்தமாக, ஜில்லென்று இருந்தது.

"அவளே அணைச்சுட்டுப் போயிருக்கா, மகராசி" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்த நீதிபதி, நீலக் கண்ணாடி வழியே அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணும் தெரியாதவன் திறக்கிற மாதிரி இல்லையே. யாருடா நீ?"

கம்பி கைகட்டி நின்றான். "கம்பிங்க. நீங்கதான் மூணு வருஷம் போட்டீங்க. சத்தியமா திருந்திட்டேங்க. இது மட்டும் என் சம்சாரத்துக்குத் தெரிய வேணாம்."

நீதிபதி எழுந்து வந்து நீலக் கையை அவன் தோளில் வைத்தார்.

"அசடு! பயந்துக்கிட்டே இன்னொருத்தன் வீட்டைக் காப்பாத்த வந்தே பாரு, அதுக்குப் பேர்தான்டா திருந்துறது. உன் சம்சாரத்துகிட்ட நானே வந்து சாட்சி சொல்றேன்."

கம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயிலிலிருந்து வெளியே வந்ததற்கு அப்புறம் அவனை ஒருவர் தொட்டுப் பேசுவது அதுதான் முதல் தடவை.

கடையிலிருந்து பையோடு மாடியேறி வந்த நீதிபதியின் மனைவி, திறந்து கிடந்த கதவுக்கு முன்னால் சிலையாக நின்றார்.

"என்னங்க! நம்ம வீடு மேல் மாடியில இருக்கு, அங்கதான் பால் தீயுது. இந்த வீட்டுக்காரங்க ஊர்ல இல்லாத நேரமாப் பார்த்து, பூட்டைத் திறந்து உள்ள என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"