விடியல் தீவனத்தின் தொடக்க விழா

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக ஒரு மகத்தான காரியம் நடந்திருக்கிறது என்றால், அது எங்கள் கால்நடைத் துறை வகுத்த ‘விடியல் தீவனத் திட்டம்’தான். வெயில் ஏறிவிட்டால் மாடு சரியாகத் தின்னாது. ஆகவே பொழுது விடியும்போதே நிழலில் தீவனமும் குளிர்ந்த தண்ணீரும் வைக்க வேண்டும். இந்த உண்மையை எட்டுவதற்கு எங்கள் இயக்குநர் குளிர்சாதன அறையில் நடத்திய கூட்டங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

தொடக்க விழாவுக்கு ஒரு மாடு தேவைப்பட்டது. எங்கள் துறையில் எல்லாம் உண்டு. மாடு மட்டும் கிடையாது. என் அக்காவின் கறவைப் பசுவை இரவல் வாங்கினேன். அக்கா வீட்டில் அடுப்பு எரிவதே அதன் பாலை நம்பித்தான். அதனால் அவளும் கூடவே வந்துவிட்டாள்.

விடிந்ததும் அக்கா தீவனக் கூடையைத் தூக்கினாள். பாய்ந்து தடுத்தேன்.

“ஐயோ அக்கா, இப்ப வைக்கக் கூடாது!”

“ஏன்டா? விடியறப்ப வைக்கணும்னுதானே பேனர்ல போட்டிருக்கு?”

“திட்டத்தை இன்னும் தொடங்கி வைக்கலையே! சிறப்பு விருந்தினர் வந்து முதல் கூடையை வைக்கணும்.”

“அவர் எப்ப வருவாரு?”

“விடியற்காலைதான். கொஞ்சம் லேட்டாகும்.”

உச்சி வெயிலில் வந்தார். அவருக்குப் பந்தல், ஏர்கூலர், அண்டா நிறைய ஐஸ் தண்ணீர். பசுவுக்கு வெட்டவெளி. பசு பந்தலுக்குள் நின்றால் அதன் முகத்தில் நிழல் விழுந்து போட்டோ கெட்டுவிடும் என்பது இயக்குநரின் நுட்பமான முடிவு.

விருந்தினர் கூடையை நீட்டினார். பசு நாக்கைத் தள்ளி மூச்சிரைத்ததே தவிர, முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“என்னய்யா இது, மாடு ஒத்துழைக்க மாட்டேங்குது?” இயக்குநர் என் காதில் சீறினார். “கொஞ்சம் எடுத்துச் சொல்லுய்யா!”

பசுவிடம் திட்டத்தின் நோக்கங்களைச் சுருக்கமாக விளக்கினேன். அது முன்கால்களை மடித்துச் சரிந்தது.

“விலகுங்கடா எல்லாரும்!”

அக்கா அதை உலுக்கி எழுப்பிப் பந்தலுக்குள் இழுத்துப் போனாள். விருந்தினரின் அண்டாவிலேயே தண்ணீர் காட்டினாள். மிச்சத்தை அதன் முதுகில் ஊற்றினாள். வெகுநேரம் ஏர்கூலருக்கு முன்னால் நின்றபின், பசு கூடையில் வாய் வைத்தது. அதன் கொம்புக்குப் பயந்து விருந்தினரும் இயக்குநரும் அதுவரை வெயிலிலேயே நின்றார்கள்.

“மனுஷன் நிக்கிற வெயிலாய்யா இது?” விருந்தினர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“சரியாச் சொன்னீங்க ஐயா,” என்றாள் அக்கா. “மாடு நிக்கிற வெயில். காலையிலேர்ந்து நின்னுச்சு, வெறும் வயித்தோட.”

விழா மாபெரும் வெற்றி என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டோம். ஆனாலும் இயக்குநர் தொலைநோக்கு உள்ளவர். இனி விழாக்களுக்கு அட்டையில் செய்த மாடே போதும் என்று உத்தரவு போட்டுவிட்டார். அற்புதமான யோசனை! அட்டை மாடு நாக்குத் தள்ளாது. விருந்தினர் எப்போது வந்தாலும் சிரித்த முகத்தோடு காத்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் எந்தத் திட்டத்தாலும் அதைக் கொல்ல முடியாது.