ஜிப் வைத்த தண்ணீர் டேங்க்

தானாகக் கற்றுக்கொண்டவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதை அழகுபடுத்தாவிட்டால் தூக்கம் வராது. எனக்கு அது முற்றிப்போய், ஒரு தண்ணீர் டேங்கையே பதம் பார்த்தது.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால், டேங்க் செய்யும் பட்டறை ஒன்றில் அப்போது தற்காலிக வேலையில் இருந்தேன். முதலாளி தூத்துக்குடிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. எந்த டேங்குக்கு எவ்வளவு நீளத் தகடு வெட்ட வேண்டும் என்று சொல்லும் நிரல் ஒன்று, ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில், அங்கே கிடந்தது. எப்போதோ வேலையை விட்டுப் போன இன்ஜினியர் எழுதியது. யாரும் அதைச் சீண்டுவதில்லை. வெல்டர் ரவி அண்ணன் தரையில் சாக்பீஸால் முழு வட்டம் போட்டு, அதன்மேல் டேப்பை ஓட்டி அளந்த பிறகுதான் தகட்டில் கை வைப்பார். அதிலேயே அரை நாள் போய்விடும்.

வீடியோ பார்த்தே நிரல் எழுதப் பழகிய நான் (ராயபுரத்தில் எங்கள் தெருவின் முதல் ஃபோர்ட்ரான்காரி நான்தான், இரண்டாவது ஆள் இன்னும் வரவில்லை) அதைத் தூசி தட்டி ஓடவிட்டேன். ஏற்கெனவே செய்து முடித்த நான்கு டேங்குகளின் அளவும் அப்படியே வந்தது. அண்ணாச்சி அசந்துபோனார்.

"ஏம்மா ஸ்டெல்லா, எண்ணூர்ல ஆறு மீட்டர் அகலத்துல தண்ணி டேங்க் ஒண்ணு போடணும்லா? ஒன் கணக்குலயே வெட்டுவோம். சரியா வந்துச்சுன்னா அடுத்த மாசத்துல இருந்து நீ நிரந்தரம். தப்பாப் போச்சுன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீயே வர மாட்ட."

அத்தோடு விட்டிருக்கலாம். தண்ணீர் டேங்குக்கும் எண்ணெய் டேங்குக்கும் ஒரே நிரலாக இருந்தால் எவ்வளவு அழகு என்று தோன்றியது. சி மொழிக்காரர்களிடம் ப்ரீப்ராசஸர் என்று ஒரு கருவி உண்டு. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் படிப்பதற்கு முன்னால் அது நிரலுக்குள் ஒரு நடை போய், நாம் எழுதிய சுருக்கப் பெயர்களை எடுத்துவிட்டு, அவற்றின் இடத்தில் அந்தந்த டேங்குக்கான நீளமான பெயர்களை வைத்துவிட்டு வரும். அதை ஃபோர்ட்ரானுக்குள் கூட்டிவந்தேன். போதாததற்கு, வரியின் கடைசியில் நின்ற 3.14 என்ற வட்டக் கணக்கு எண்ணைப் புள்ளிக்குப் பின் பதினான்கு இலக்கமாக நீட்டினேன். (துல்லியமாம்!)

"வட்டம் போட்டு ஒரு தபா பாத்துக்கலாமா, தங்கச்சி?" என்றார் ரவி அண்ணன்.

"வேணாண்ணே. பதினாலு இலக்கம்ணே!"

"இன்னாமா, எலக்கம் கிலக்கம்னுகினு. வெட்டின தகடு வளராதுமா."

பன்னிரண்டு தகடுகளும் வெட்டி, வளைத்து, எண்ணூருக்குப் போயின. மூன்று தகடு சேர்ந்தால் ஒரு வளையம். முதல் வளையத்தை நிறுத்திய காலை, அண்ணாச்சியோடு நானும் போனேன், புதுப் புடவையில். இரண்டு இணைப்புகள் கச்சிதமாகச் சேர்ந்தன. மூன்றாவது, முக்கால் அடிக்கு மேல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. உள்ளேயிருந்து ரவி அண்ணனின் தலை மட்டும் வெளியே வந்தது.

"இன்னா தங்கச்சி, டிக்கெட் கவுண்டர் தொறந்து வுட்டுக்கீற? பெரம்பூருக்கு எத்தினி வோணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "மிச்சத் தகடு எங்கம்மா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு டிரம்மின் மேல் லேப்டாப்பை வைத்துத் தேடினேன். நான் எழுதிய வரி குட்டியாக, லட்சணமாக, பதினான்கு இலக்கத்தோடு இருந்தது. கம்பைலரும் ஒரு குறை சொல்லியிருக்கவில்லை. கடைசியில்தான் ப்ரீப்ராசஸர் மாற்றி வைத்த கோப்பைத் திறந்தேன். பழைய பாணி ஃபோர்ட்ரானில் ஒரு வரிக்கு எழுபத்திரண்டு எழுத்துதான் கணக்கு. அதற்கு மேல் இருப்பதைக் கம்பைலர் படிக்காது. படிக்கவில்லை என்று சொல்லவும் சொல்லாது. நீளப் பெயர்கள் வந்து உட்கார்ந்ததும் வரி நீண்டு, கடைசியில் இருந்த எண் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டிருந்தது. உள்ளே தங்கியது 3.1 மட்டும். மீதிப் பதின்மூன்று இலக்கமும் தெருவில் நின்றன.

வைரஸ் என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். (அண்ணாச்சி நம்பியிருப்பார்.) ஆனால் வாய் வரவில்லை.

"என் தப்புதான் அண்ணாச்சி. சரியா ஓடினதை நானே மாத்திட்டு, திரும்பச் சரிபாக்கல. நாளையிலேர்ந்து நான் வரலை."

"வராம? இந்த ஓட்டைய யாரு அளப்பா, ஒங்கப்பாவா? டேப்பப் பிடி."

பிடித்தேன். மறுமுனையை ரவி அண்ணன் பிடித்தார். (அவர் கேலி செய்திருந்தால் அழுதிருக்க மாட்டேன்.) டேங்குக்குச் சொந்தக்காரர் ஒரு நாள் முழுக்கக் கத்திவிட்டு, தண்ணீர்தானே என்று இரக்கப்பட்டு, நான்கு வளையத்தின் இடைவெளியிலும் ஒட்டுப் பட்டை வைக்க ஒப்புக்கொண்டார்.

நிரந்தரம் ஆனேன், அடுத்த மாதம் அல்ல, அடுத்த வருடம். இப்போதும் என் நிரலில்தான் தகடு வெட்டுகிறோம். ப்ரீப்ராசஸர் மாற்றிய கோப்பை வரி வரியாகப் பார்த்த பிறகு, ரவி அண்ணன் போடும் வட்டத்தின்மேல் டேப் ஓட்டுவதும் நான்தான்.

அந்த டேங்க் இன்னும் எண்ணூரில் நிற்கிறது. மேலிருந்து கீழ்வரை நடுவே ஒரு பட்டை, இருபக்கமும் வெல்டிங் தழும்பு. பார்த்தால் பேண்ட் ஜிப் மாதிரியே இருக்கும். பஸ் அதைக் கடக்கும்போதெல்லாம் என் கணவர் எழுந்து நின்று, கண்டக்டர்வரை கேட்கும்படி அறிவிப்பார்:

"என் பொண்டாட்டி தச்ச டேங்க்குபா! ஜிப்பு மூடித்தான் கீது, அல்லாரும் தைரியமா பாருங்க!"