பொண்ணு போட்டோ

பச்சை விளக்கு எரிந்தது. தாள் வைத்தாயிற்று. மை புதுசு. ஆனாலும் வேதசிரோமணியின் பிரிண்டர் ஒரு போட்டோவையும் வெளியே தள்ளுவதாக இல்லை.

ஊரப்பாக்கத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கும் அவருக்கு, சாயங்காலத்துக்குள் மகள் அபிகாயிலின் போட்டோ கையில் வேண்டும். தாம்பரத்தில் நல்ல வரன். மாப்பிள்ளையின் பெரியப்பா, போனில் தெரிவதைப் பெண்ணென்று ஒத்துக்கொள்ளாதவர். தாளில் பார்த்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்று மனைவி ஞானசௌந்தரி சொல்லிப் பார்த்தாள். போன தடவை அந்த ஸ்டூடியோவில் அபிகாயிலை மைதாவில் புரட்டி எடுத்த மாதிரி வெளுக்கவைத்திருந்தார்கள். அந்தக் கோபத்தில்தான் வேதசிரோமணி பிரிண்டரே வாங்கினார்.

பட்டுப்புடவைப் போட்டோவைப் போனில் திறந்து, பிரிண்ட் என்பதைத் தொட்டார். போன் ஒரு பிரிண்டரைத் தேடிப் பிடித்து, அனுப்பியாயிற்று என்றது. பிரிண்டர் கம்மென்று இருந்தது.

ஜரிகை அதிகமோ, கனம் தாங்கவில்லையோ என்று யோசித்து, சுடிதார் போட்டோவை அனுப்பினார். வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டா மதிக்காதுங்க. பத்தா கேளுங்க" என்றாள் ஞானசௌந்தரி.

பத்தாகக் கேட்டார். அனுப்பியாயிற்று என்றது போன்.

கம்பெனிக்கு போன் போட்டதில், எடுத்த பெண் ரொம்பப் பொறுமையாக, போட்டோ வேண்டாம், வெறும் எழுத்தாக ஒரு பக்கம் அனுப்பிப் பாருங்கள் என்றாள். வேதசிரோமணியின் போனில் இருந்த ஒரே எழுத்துப் பக்கம் அபிகாயிலின் பயோடேட்டா. படிப்பு, உயரம், வேலை, சபை, எதிர்பார்க்கும் மாப்பிள்ளை எப்படி என்பது வரை அனுப்பிவைத்தார். அதுவும் வரவில்லை.

ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த அபிகாயில், காதில் ஹெட்போனோடு எட்டிப் பார்த்தாள். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். எதை என்று சொல்லவில்லை. அவர் போனை ஆஃப் செய்து ஆன் செய்தார். அவசரத்தில் விரல் எங்கேயோ பட்டு, மகளின் பெயரில் சேர்த்துவைத்திருந்த ஆல்பம் முழுவதும் கிளம்பியது. ஞானஸ்நானம், முன்பல் விழுந்த வருஷம், மாறுவேடப் போட்டியில் கத்திரிக்காய், எல்லாம் போயின. நிறுத்தத் தெரியாமல், போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரிண்டர் கனைக்கக்கூட இல்லை.

வேதசிரோமணிக்கு முகம் விழுந்துவிட்டது. பொண்ணுக்கு அமைகிற நல்ல இடம் தன் வீம்பால் கெட்டுப் போய்விடுமோ என்று பயம் வந்தது. ஸ்டூடியோவுக்கே போய்விடலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

அப்போது காலிங் பெல் அடித்தது.

வாசலில் எதிர் ஃப்ளாட் ஈவ்லின். புதிதாகக் குடிவந்தவர்; லிஃப்ட்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி. இன்று பட்டு கட்டியிருந்தார். பின்னால் அவர் மகன் ஸ்டெபின், அப்போதுதான் ஷேவ் செய்த முகத்தோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான்.

ஈவ்லின் கையில் ஒரு தட்டு. அதில் ஆப்பிள், பூ, அவற்றுக்கு மேலே பயோடேட்டா, அதற்கும் மேலே பளபளவென்று ஒரு கட்டு போட்டோ.

"எங்க வீட்டு பிரிண்டருக்கு இவ்வளவு அனுப்பணுமாண்ணா? மொதல் போட்டோவுலயே ஸ்டெபின் சரின்னுட்டான்."