கொக்கியில் மாட்டாதவர்

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் ஒரு வகை. நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கிறீர்களா? அப்படியானால் உங்கள் தெருவில் இதுவரை ஓர் ஒத்திகையார் குடிவரவில்லை என்று அர்த்தம். வேறோர் அர்த்தமும் உண்டு. அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

ஒத்திகையாரை அடையாளம் காண்பது சுலபம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். பிரார்த்தனை என்று நினைத்து நகர்ந்து இடம்விடாதீர்கள், 'என்னிடமுள்ள தலைமைப் பண்புகள்' என்ற பகுதி ஓடிக்கொண்டிருக்கிறது. லிஃப்ட் கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பார், பல் அதிகம் தெரிகிறதோ என்று சந்தேகப்பட்டுச் சிரிப்பைக் கொஞ்சம் உள்ளே இழுப்பார், இப்போது திமிர்பிடித்தவன் மாதிரி இருக்கிறதே என்று மறுபடி வெளியே விடுவார், அதற்குள் அவர் இறங்கவேண்டிய மாடி போயிருக்கும். கை குலுக்கப் பழகுவதற்கு ஆள் கிடைக்காவிட்டால் குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக் குலுக்குவார். அது திறந்துகொண்டால் உள்ளே இருப்பதில் எதையாவது எடுத்துத் தின்றுவிட்டு மறுபடி குலுக்குவார்.

நாம் பார்க்கப்போகும் ஒத்திகையாருக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டியது மைத்துனன். செல்போன் கடை வைத்திருக்கிறவன், வாய் சும்மா இருக்காது. இவர் பல வருஷம் ஒரு காகித ஆலையின் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். எந்தக் கட்டு எந்த மூலையில் இருக்கிறது என்று விளக்கைப் போடாமலே கைவைத்துக் காட்டுவார். அப்படிப்பட்ட ஆலையை ஒரு நாள் இழுத்து மூடிவிட்டார்கள். மூடும்போது அவரிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில்தான். மனைவி ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். நாளெல்லாம் போனை எடுப்பது, நோயாளிகளுக்கு நேரம் கொடுப்பது. அந்த ஒரு சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. காலையில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது கையில் பாத்திரம் துடைக்கும் துணியோடு வாசலில் நின்று வழியனுப்புவார். சிரித்த முகமாகத்தான் நிற்பார். உள்ளே கூசும். பாத்திரம் துடைப்பதற்காக இல்லை, அவள் ஒரு நாள்கூட எதையும் சொல்லிக்காட்டாததற்காக.

இந்த நிலைமையில்தான் குளியலறைச் சாமான் விற்கிற ஒரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. கிடங்குப் பொறுப்பாளர் வேலை. இவருக்கென்றே தைத்துவைத்த சட்டை என்று சொல்லலாம். இது கிடைக்காவிட்டால் மைத்துனன் கடையில் உட்கார்ந்து செல்போனுக்கு உறை மாட்டிக்கொடுக்க வேண்டும் என்று குடும்பத்தில் ஏற்கெனவே பேசி முடித்தாயிற்று. மைத்துனனிடம் சம்பளம் வாங்குவதா? அதை நினைத்தாலே அவருக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

வேறு யாராவது என்றால் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய்வந்திருப்பார்கள். ஒத்திகையார் தயாரானார்.

முதலில் ஒரு குருவைப் பிடித்தார். குரு செல்போனுக்குள் இருந்தார். நேர்முகத் தேர்வில் வெல்வது எப்படி என்று வாரந்தோறும் வீடியோ போடுகிற நிபுணர் அவர்; அவர் எந்த வேலைக்குப் போய் எந்தத் தேர்வில் வென்றார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. நாற்காலியின் முன்பாதியில்தான் உட்கார வேண்டும், பதில் சொல்லுமுன் மூச்சை இழுத்து விட வேண்டும், குடிக்க ஏதாவது கொடுத்தால் பாதி மட்டும் குடிக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, நம்மவர் தலையை ஆட்டினார். நிபுணரின் வேதவாக்கு ஒன்று உண்டு: "கஷ்டமான கேள்விக்குப் பயப்படாதீங்க. சுலபமா ஒரு கேள்வி வந்தா, அப்பதான் உஷாரா இருக்கணும். அதுக்குள்ளதான் கொக்கி இருக்கும்." ஒத்திகையார் இதைக் கேட்ட இடத்தில் வீடியோவை நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி கேட்டார்.

அடுத்தது கம்பெனியைக் கரைத்துக் குடிப்பது. அதை ஆரம்பித்தது யார், எந்த வருஷம், முதலில் விற்றது குழாயா வாளியா, பீங்கானை எத்தனை சூட்டில் சுடுகிறார்கள், எல்லாம் மனப்பாடம். முந்தின நாளே பஸ் பிடித்து அந்தக் கட்டடத்துக்குப் போய், எதிர்ப்புறம் நின்று வாசலைப் பார்த்துவிட்டு வந்தார். காவலாளி சந்தேகப்பட்டு யார் வேணும் என்று கேட்டதற்கு, "மிக நல்ல கேள்வி" என்று ஆரம்பித்தாராம்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திகை. மனைவிதான் மேலதிகாரி. காலையிலிருந்து ஊர்ப்பட்ட பல்வலியைக் கேட்டுவிட்டு வந்தவள், கொட்டாவியை அடக்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து கேள்வி கேட்பாள்.

"உங்க பலவீனம் என்ன?"

"எனக்கிருக்கும் ஒரே பலவீனம், அளவுக்கு மீறி உழைத்துவிடுவதுதான்."

"அப்படியா? அந்தப் பலவீனத்தை நம்ம ஒட்டடைகிட்ட கொஞ்சம் காட்டுங்களேன். மேல தொங்குது பாருங்க."

"விளையாடாதம்மா. அடுத்த கேள்வி கேளு."

"அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பாக்கறீங்க?"

அவர் மூச்சை இழுத்து விடுவதற்குள், செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மைத்துனன் வாசலிலிருந்தே பதில் சொன்னான்: "இதே சோபாலதான் மாமா. கவர் மட்டும் மாத்தியிருப்போம்."

மனைவி தம்பியை முறைத்தாள். ஆனால் வாயைப் பொத்திக்கொண்டுதான் முறைத்தாள்.

அந்த நாளும் வந்தது. கழுத்தில் டை. அதைக் கட்டக் கற்றுக்கொண்டதும் நிபுணரிடம்தான். வீடியோவில் வலது இடதாகத் தெரியும் என்பதால் முடிச்சு காதுப்பக்கம் போயிருந்தது. அழைத்த நேரத்துக்கு வெகு முன்னாலேயே கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த வரவேற்பறையைப் பார்த்த எவருக்கும் கம்பெனியின் நிலைமை புரிந்திருக்கும். மூலைக்கு மூலை அட்டைப்பெட்டி. மாடிப்படியில் பெட்டி, குடிதண்ணீர்க் குடுவைக்குப் பக்கத்தில் பெட்டி, வந்தவர்கள் உட்காரும் நாற்காலியில் உறை பிரிக்காத ஒரு மலக்கோப்பை. உள்ளே யாரோ யாரிடமோ, "வாஷ்பேசின் எங்கய்யா போச்சு? நேத்து இங்கதானே இருந்துச்சு," என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒத்திகையார் காதில் எதுவும் விழவில்லை. அவர் 'குழுவாகச் செயல்படும் திறன்' பகுதியில் இருந்தார்.

உதடு அதன்பாட்டுக்கு அசைந்துகொண்டிருக்க, கை சும்மா இருக்குமா? எதிரே ஒரு பெட்டி, மேல்நோக்கி இருக்கவேண்டிய அம்புக்குறி தரையைப் பார்க்க, தலைகீழாக நின்றது. எழுந்து அதை நிமிர்த்தினார். அதற்கடியில் இன்னொன்று. அதையும் நிமிர்த்தினார். கனமானது கீழே, லேசானது மேலே, உடையக்கூடியது சுவரோரம் என்று வாய்க்குள் தலைமைப் பண்புகளை ஒப்பித்தபடியே அந்த மூலையையே ஒழுங்குபண்ணிவிட்டார். செய்தது அவருக்கே தெரியாது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் நின்று மேனேஜரும் முதலாளியம்மாவும் பார்த்துக்கொண்டிருந்ததும் தெரியாது.

உள்ளே கூப்பிட்டார்கள். மேனேஜருக்குச் சளி, மூக்கைத் துடைத்தபடி ஒரு பெட்டியின்மேல் காலை நீட்டியிருந்தார். முதலாளியம்மா விரல்களுக்கிடையில் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க. பஸ்ஸெல்லாம் கிடைச்சுதா?"

சுலபமான கேள்வி. உஷார். ஒத்திகையார் நாற்காலியின் முன்பாதியில் உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டார். "நேர மேலாண்மை என்பது என் இரத்தத்தில் ஊறியது."

மேனேஜர் முதலாளியம்மாவைப் பார்த்தார். "டீ சாப்பிடறீங்களா?"

"தனியாகவும் குழுவாகவும் சாப்பிடக்கூடியவன் நான்," என்று வந்துவிட்டது. சமாளித்துக்கொண்டு டீயை வாங்கிச் சரியாகப் பாதி குடித்து வைத்தார்.

முதலாளியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, வளர்த்துவானேன். எப்ப சேர முடியும்?" என்று கேட்டார்.

இதைவிடச் சுலபமான கேள்வி உலகத்தில் உண்டா? ஒத்திகையாருக்கு மூக்கின்மேல் வியர்த்தது. பலவீனத்தைக் கேட்கவில்லை, ஐந்து வருஷத்தைக் கேட்கவில்லை, பீங்கானைச் சுடும் சூட்டைக்கூடக் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் இது. நாளைக்கே என்றால் வேலை இல்லாமல் அலைகிறவன் என்று எடை போடுவார்கள். அடுத்த மாதம் என்றால் சோம்பேறி என்பார்கள். எவ்வளவு பெரிய கொக்கி. நிபுணர் மட்டும் இல்லையென்றால் இந்நேரம் மாட்டியிருப்போமே என்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"மிக நல்ல கேள்வி," என்றார். "ஒரு பொறுப்பை ஏற்குமுன் அதை எல்லாக் கோணங்களிலும் ஆராய்வது என் வழக்கம்."

"நல்ல வழக்கம்தான். எப்ப வர்றீங்க?" இது மேனேஜர்.

நெருக்குகிறார்கள். "நெருக்கடியிலும் நான் நிதானம் இழப்பதில்லை."

"வேற எங்கயாவது வேலை கிடைச்சிருக்கா?" என்றார் முதலாளியம்மா. குரலில் சிரிப்பு போயிருந்தது.

"பல வாய்ப்புகளைப் பரிசீலித்துவருகிறேன்."

ஒரு வாய்ப்பு, செல்போன் உறை மாட்டுவது. இன்னொன்று, ஒட்டடை. முதலாளியம்மா பேனாவை மூடினார். "அப்ப யோசிச்சுட்டு ஆறு மணிக்குள்ள ஒரு போன் பண்ணுங்க. இன்னும் ரெண்டு பேரை வரச்சொல்லியிருக்கோம்." ஒத்திகையார் எழுந்து குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடிக்குக் கிடைத்த அதே உறுதியோடு இருவர் கையையும் குலுக்கிவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்தவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி வேலை முடிந்து வந்து கைப்பையைக்கூட இறக்கவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் நடித்துக் காட்டினார். "கடைசியா ஒரு கொக்கி போட்டாங்க பாரு. எப்ப சேர முடியும்னு. நான் மாட்டுவேனா? மூணு தடவை மடக்கிக் கேட்டாங்க. மூணு தடவையும் தப்பிச்சுட்டேன்."

அவள் கைப்பையோடு அப்படியே சோபாவில் உட்கார்ந்தாள்.

"தப்பிச்சுட்டீங்க," என்றாள்.

"ஆமா."

"காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நான் போன்ல கேக்கறதும் அதே கேள்விதாங்க. எப்ப வர்றீங்கன்னு. அதுல என்ன கொக்கி இருக்கு? பல் வலிக்கறவங்க இப்பவே வர்றேன்னு சொல்வாங்க. வலி இல்லாதவங்கதான், பாத்துட்டுச் சொல்றேன், யோசிச்சுட்டுச் சொல்றேன்னு இழுப்பாங்க. அவங்க பேரை நான் எழுதறதே இல்ல." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. உங்களுக்கு வலிக்குதா, இல்லையா?"

இந்தக் கேள்விக்கு நிபுணரிடம் பதில் இல்லை. ஒத்திகையார் மூச்சை இழுக்கவில்லை, நல்ல கேள்வி என்று சொல்லவில்லை. டையின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வலிக்குதும்மா," என்றார். "தினமும் வாசல்ல நின்னு உனக்குக் கை ஆட்டறேன்ல, அப்ப ரொம்ப வலிக்குது."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொள்ள நேரமில்லை. கடிகாரம் ஆறைத் தொடப்போகிறது. போனை எடுத்து எண்ணை அழுத்தினாள்.

"இரு, இரு. என்ன சொல்லணும்னு ஒரே ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கறேன்."

"ரிங் போகுது," என்று போனை அவர் காதில் வைத்தாள்.

"வணக்கம். இன்று காலை தங்களைச் சந்திக்கும் வாய்ப்புப் பெற்ற நான்..."

மேனேஜர் தும்மினார். "யாரு, டைக்காரரா? எப்ப வர்றீங்கய்யா?"

"இப்பவே வர்றேன் சார்."

"இப்ப வந்து என்ன பண்ணப்போறீங்க, கேட்டைப் பூட்டப்போறோம். காலைல வாங்க. நீங்க அந்தப் பெட்டியை நிமிர்த்தினப்பவே அம்மா முடிவு பண்ணிட்டாங்க. அப்புறம் நீங்க வாயைத் திறந்ததுலதான் ஒரே குழப்பமாப் போச்சு. அந்த டை மட்டும் வேண்டாம், பெட்டில மாட்டிக்கும்."

மனிதர் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, குளியலறைக்குள்ளிருந்து குரல் கேட்டது: "காலை வணக்கம். இன்று என் முதல் நாள். இன்று என் முதல் நாள், காலை வணக்கம்." எதை முன்னால் சொல்வது என்று தீர்ப்பு வாங்க மனைவியைக் கூப்பிட்டார். அவள் தூங்கிவிட்டது போல் படுத்துக்கொண்டாள்.

நீங்கள் சிரிக்கலாம். லீவு கேட்டு மேலதிகாரியைக் கூப்பிடுமுன் தொண்டையைச் செருமி, இருமலை எந்த இடத்தில் வைப்பது என்று யோசித்தது யார்? கோபித்துக்கொண்டு போன மச்சானைச் சமாதானப்படுத்தப் போகும் வழியெல்லாம் அவர் பேச்சையும் உங்கள் பேச்சையும் நீங்களே பேசித் தீர்த்துவிட்டு, வாசலில் அவர் வெறுமனே "சாப்பிட்டியா?" என்று கேட்டதும் விழித்துக்கொண்டு நின்றது யார்? இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவர் இப்போது உங்களைப் பார்த்து, "என்ன அது, ரொம்ப நேரமாப் படிக்கறீங்க, எப்படி இருக்கு?" என்று கேட்கப்போகிறார். சுலபமான கேள்விதான். ஆனால் அதற்கு என்ன சொல்லலாம் என்று நாலு வரிக்கு முன்னாலிருந்தே ஒரு வாக்கியத்தை உள்ளுக்குள் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள் பாருங்கள், உதடு லேசாக அசைகிறது.