கேம் பெட்டிக்கு ஒரு பாக்கெட்

வெளிநாட்டுக்காரர் ஒருவர் முன்னால், முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் பேண்ட் இல்லாமல் நின்றிருக்கிறேன். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு இப்போது வெட்கம் எதுவும் இல்லை. நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். அவள் சொல்ல ஆரம்பித்தால் அடுத்த அறையில் இருப்பவர்களும் எழுந்து வந்துவிடுவார்கள். அதற்கு நானே சொல்லிவிடுவது மேல்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. சேவூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து, அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனிக்குப் பயிற்சி மெர்ச்சண்டைசராகப் போய்க்கொண்டிருந்தேன். (மெர்ச்சண்டைசர் என்றால், துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் துணி தைக்கும் நம் கம்பெனிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவர். பயிற்சி மெர்ச்சண்டைசர் என்றால் அதையே நின்றுகொண்டு வாங்குகிறவர்.)

அதே கம்பெனியில் செக்கிங் பிரிவின் சூப்பர்வைசர் கவிதா. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது என்பதை, என் சாம்பிள்களில் மட்டும் கூடுதலாகக் குறை கண்டுபிடிப்பதை வைத்துப் புரிந்துகொண்டிருந்தேன். பெண் கேட்டு வரட்டுமா என்றதற்கு அவள் ஒரே ஒரு பதில்தான் சொன்னாள்.

"வேலை கன்ஃபார்ம் ஆகட்டும். ட்ரெய்னினு சொல்லிக்கிட்டு வந்து நின்னீங்கன்னா எங்கப்பா டீ கூடக் குடுக்க மாட்டாரு."

அந்த நேரத்தில்தான் அந்த ஆர்டர் வந்தது. எங்கள் பையர் ஒருவர், கையில் வைத்து விளையாடும் கேம் பெட்டி தயாரிக்கும் கம்பெனி ஒன்றுக்காக டிராக் பேண்ட் கேட்டிருந்தார். சாதாரண பேண்ட் அல்ல. அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவதற்கென்றே தனி பாக்கெட் வைத்த பேண்ட். பாக்கெட் அளவு பார்ப்பதற்காக, இன்னும் கடைக்கே வராத அந்தப் பெட்டி ஒன்றையும் கூரியரில் அனுப்பியிருந்தார். எங்கள் எம்.டி. என்னைக் கூப்பிட்டு, அதைக் குழந்தையைக் கொடுப்பதுபோல என் கையில் கொடுத்தார்.

"இது ஒண்ணே ஒண்ணுதானப்பா இருக்குது. கீறல் விழுந்தாலும் நம்ம பேரு கெட்டுப்போயிரும். பையர் வந்து சாம்பிள ஓகே பண்ணிட்டாருன்னா உன்னைய அன்னைக்கே கன்ஃபார்ம் பண்ணிப்போடறேன். இல்லீன்னா பேக்கிங்ல போயி அட்டைப்பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டு."

எனக்குக் கண்ணை மூடினால் ஒரு பக்கம் கவிதா, இன்னொரு பக்கம் அட்டைப்பெட்டி.

பெட்டி பார்க்க அழகாக இருந்தது. நடுவில் திரை, இரண்டு பக்கமும் குமிழ்கள், பொத்தான்கள். பிடித்துப் பார்த்தால் ஒரு டிபன் பாக்ஸின் கனம். பத்து நிமிடம் விளையாடியதும் நான் அதற்கு அடிமையாகிவிட்டேன். இனிமேல் உலகமே இதைத்தான் கையில் வைத்துக்கொண்டு திரியப் போகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். அதன் பிறகு யாராவது அகப்பட்டால் போதும், பிடித்து வைத்து வகுப்பெடுப்பேன்.

முதலில் அகப்பட்டவர் பேட்டர்ன் மாஸ்டர் பழனிசாமி அண்ணன். முப்பது வருடமாகத் துணிக்கு அளவு போடுகிறவர். பெட்டியை நீளம், அகலம், கனம் அளந்து எழுதிக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏனுங் தம்பி, இதுல போன் பேசலாங்களா?"

"இல்லீங்கண்ணா, இது கேமுக்கு மட்டும்."

"வாட்ஸப் வருமுங்களா?"

"வராதுங்க."

"ஆருக்காச்சும் ஜீபே பண்ணலாங்களா?"

"அதெல்லாம் முடியாதுங்கண்ணா."

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பறம் போனையும் தூக்கிட்டுப் போவோணும், இதையுந் தூக்கிட்டுப் போவோணும். கேமுத்தான் போன்லயே சும்மா வருதுங்களே?"

"அது வேறங்கண்ணா, இது வேற."

"செரீங்க" என்றார். கொங்கு நாட்டில் ஒருவர் அந்தத் தொனியில் 'செரீங்க' என்றால், நீ சொல்வதை நான் நம்பவில்லை, ஆனால் உன் மனசைப் புண்படுத்த எனக்கு நேரமில்லை என்று பொருள்.

கம்பெனி முழுக்க இதே கதைதான். அயர்னிங்கில் இருந்த பீகார்க்காரர் வீடியோ கால் போகுமா என்று இந்தியில் கேட்டார். போகாது என்றதும் பெட்டியை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் போனை எடுத்து ஊரிலிருக்கும் மனைவியோடு பேசப் போய்விட்டார். கேண்டீனில் டீ ஊற்றும் அக்கா கூட, "இதுல டார்ச் அடிக்குமாங்க?" என்றுதான் கேட்டார். அந்தக் கேம் கம்பெனிக்கு ஏன் வியாபாரம் ஆகாது என்பதற்கான பதிலை இத்தனை பேரும் எனக்கு இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானோ, இவர்களுக்கெல்லாம் ரசனை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். (அந்த வயதில் நான் அப்படித்தான். அறிவுரை சொல்கிறவர்கள் எல்லோரும் என்னைவிட ஒரு படி கீழே நிற்பதாகவே தெரியும்.)

இன்னொரு சிக்கல் இருந்தது. பெட்டியின் சார்ஜ் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. அதற்கு ஒரு பவர் பேங்க் வேண்டும். பவர் பேங்குக்கு ஒரு பாக்கெட் வேண்டும். ஆக வலது தொடையில் கேம் பெட்டி, இடது தொடையில் பவர் பேங்க், பின்னால் ஜிப் இல்லாத பாக்கெட்டில் போன். இதையெல்லாம் பையருக்கு எழுதும்போது 'ஒரு பேண்ட், மூன்று உலகம்' என்று ஒரு வாசகம் வேறு ஆங்கிலத்தில் சேர்த்து அனுப்பினேன். பையர் பதிலே போடவில்லை. ரசித்துக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பையர் வந்த நாளன்று இரண்டு தடங்கல்கள். எப்போதும் சாம்பிள் போட்டுக் காட்டும் கட்டிங் மணி, அக்கா மகளுக்குக் காதுகுத்து என்று அவிநாசிபாளையம் போய்விட்டான். அவன் நல்ல ஆகிருதி. பேண்டும் அவன் அளவுக்கு ஏற்ற ஐரோப்பிய 'எல்' சைஸ். இரண்டாவது, இடுப்பில் கோக்கும் நாடா சாயப்பட்டறையிலிருந்து வந்து சேரவில்லை.

"நானே போட்டுக் காட்டறேன்" என்றேன்.

கவிதா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அன்றைய என் உடம்பில், மேலிருந்து கீழாகப் பார்க்க அதிக நேரம் எடுக்காது.

"நாடா இல்லாம போடாதீங்க செந்தில். வேற கலர்ல ஒரு நாடாவாவது கோத்துக்கோங்க."

"வேற கலர் நாடா போட்டா பையர் என்ன நினைப்பாரு? எலாஸ்டிக் தாங்கும்."

"எலாஸ்டிக் துணியைத் தாங்கும். கடையையே தாங்குமா?"

காதல் ஒரு பக்கம் இருந்தாலும், தொழிலில் பெண் பேச்சைக் கேட்டால் கௌரவம் என்னாவது என்று நினைத்தேன். (இந்த வரியை என் மனைவி படித்துவிட்டு, இதை அடிக்காமல் அப்படியே விடச் சொன்னாள்.)

பையர் ஆறடிக்கு மேல் உயரம், சாதுவான முகம். சாம்பிள் ரூமில் எம்.டி.யும் பழனிசாமி அண்ணனும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த அறைக்கும் செக்கிங் பிரிவுக்கும் நடுவே கண்ணாடிதான் சுவர். அந்தப் பக்கம் கவிதாவும் அவளுடைய முப்பது செக்கர்களும்.

மூன்று உலகங்களையும் சுமந்துகொண்டு நான் உள்ளே நுழைந்தேன். நடக்கச் சொன்னார், நடந்தேன். வயிற்றை உப்பலாக வைத்துக்கொண்டால் பேண்ட் நின்றது. உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். எம்.டி. முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. நான் மனதுக்குள் கவிதா வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பையர், பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல ஓடிக் காட்டச் சொன்னார்.

பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது எனக்குத் தினசரி வேலை. உற்சாகமாகக் கிளம்பினேன். நாலாவது எட்டில் பின்பாக்கெட்டில் போன் அடித்தது. ஐந்தாவது எட்டில் வயிறு மூச்சை விட்டுவிட்டது. பனியன் துணிக்கு ஒரு குணம் உண்டு. கனம் ஏறினால் இழுத்துக்கொண்டே போகும். இடுப்பு தொடைக்கு வந்தது. தொடையில் இருந்த பாக்கெட் வாயைத் திறந்தது. கேம் பெட்டி பாதி வெளியே வந்துவிட்டது.

அந்த ஒரு நொடியில் என்னிடம் இருந்தவை இரண்டு கைகள். ஒன்றைப் பேண்டுக்கும் ஒன்றைப் பெட்டிக்கும் கொடுத்திருக்கலாம். ஆனால் காதில் எம்.டி.யின் குரல் ஒலித்துக்கொண்டிருந்தது: ஒண்ணே ஒண்ணுதானப்பா இருக்குது. இரண்டு கைகளும் பெட்டிக்கே போயின.

பேண்ட் கணுக்காலுக்குப் போய்விட்டது. கால் தட்டி முழங்காலில் விழுந்தேன். பெட்டியை மட்டும் தலைக்கு மேல் இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்திருந்தேன். அன்றைக்கு என் உள்ளே இருந்தது, பிரிண்ட் தப்பாகிப்போன ஒரு ஆர்டரின் செகண்ட்ஸ் பாக்ஸர். மஞ்சள் வாத்துகள், அத்தனையும் தலைகீழாக. (திருப்பூரில் வேலை பார்க்கிறவன் உள்ளாடையைக் கடையில் வாங்கினால் ஊர் சிரிக்கும். வாங்காவிட்டாலும் சிரிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.)

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முப்பது பேரும் செக்கிங்கை நிறுத்திவிட்டார்கள். கவிதா நெற்றியில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

விழுந்துகிடந்த பேண்டுக்குள் போன் விடாமல் அடித்தது. பையர் பாவம், நல்ல மனிதர். குனிந்து அதை எடுத்து என்னிடம் நீட்டினார். எடுக்கும்போது விரல் பட்டு ஸ்பீக்கரோடு இணைப்பு கிடைத்துவிட்டது. அறை முழுக்க என் அம்மாவின் குரல் கேட்டது.

"ஏங் கண்ணு, சோறு உண்டுட்டயா?"

"உண்டுட்டேம்மா" என்றேன், பெட்டியை இறக்காமலே.

பழனிசாமி அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பையர் முதலில் உதட்டைக் கடித்தார், பிறகு முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து அவர் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

"போனைக் கீழே விட்டுவிட்டு இந்தப் பெட்டியைப் பிடித்த மனிதனை என் வாழ்க்கையில் இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். இவரைப் போல இன்னும் சில லட்சம் பேர் இருந்தால் அந்தக் கம்பெனி பிழைத்துக்கொள்ளும்."

அவர் வீட்டிலும் இதே போல ஒரு பெட்டி மேஜை டிராயரில் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறதாம். நல்ல பொருள்தான், திரையும் அருமை, கேமும் அருமை, ஆனால் வெளியே கிளம்பும்போது கை தானாகப் போனை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறது என்றார். கோவை விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் போனில் மிட்டாய் அடுக்கும் கேம்தான் விளையாடிக்கொண்டு வந்தாராம். பேண்டின் பாக்கெட்டில் குறை இல்லை, மனிதனிடம்தான் இரண்டாவது பெட்டிக்கு இடம் இல்லை என்று எம்.டி.யிடம் சொன்னார். பழனிசாமி அண்ணன் சுவரைப் பார்த்தபடியே "அதத்தானுங்க நானும் சொன்னேன்" என்றார்.

சாம்பிள் ஓகே ஆகவில்லை. சில மாதங்களில் அந்தப் பெட்டியும் விற்காமல் போய், ஆர்டரே ரத்தாகிவிட்டது. பெட்டியைத் திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டு எழுதினேன். அந்தப் பெட்டிக்காக அன்றைக்கு நீங்கள் கொடுத்த விலையே போதும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பையர் பதில் எழுதினார். நான் அட்டைப்பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டப் போனேன். அங்கே நிற்கும்போது கவிதாவை நிமிர்ந்து பார்க்கவே கூசியது. ஒரு நாள் அவளே வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. அப்பா உங்களைப் பாக்கணுமாம்."

"வேலை கன்ஃபார்ம் ஆகலையே?"

"அது எனக்குத் தெரியாது. வரச் சொன்னாரு."

கவிதாவின் அப்பா செல்லத்துரை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து சாயப்பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர். பெரிய மீசை. நான் என் அப்பா அம்மாவோடு போய் உட்கார்ந்ததும் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பேண்டு அவுந்த தம்பி நீங்கதானா?"

என் அம்மாவுக்கு இந்தக் கதை அதுவரை தெரியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு "ஆமாங்க" என்றேன். எல்லாம் முடிந்தது, டீ கூட வராது என்று நினைத்தேன்.

"எங்க பட்டறை பூரா இந்தக் கதைதான் ஓடுது. எல்லாவனும் சிரிக்கான். நான் சிரிக்கல. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? மானம் போற நேரத்துல எவனா இருந்தாலும் பேண்டத்தான் புடிப்பான். இவரு, நம்பிக் குடுத்த பொருளப் புடிச்சிருக்காரு. வேல இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போவும். எம் மவளக் கீழ விட மாட்டாருல்லா, அது போதும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் அப்பா கைகூப்பினார். கவிதா கதவோரம் நின்று சிரித்துக்கொண்டே அழுதாள். டீ வந்தது, கூடவே முறுக்கும் வந்தது.

"ஆனா ஒரு கண்டிசன் உண்டு" என்றார் செல்லத்துரை. "தாலி கட்டும்போது ரெண்டு கையும் தாலியில இருக்கும். வேட்டிய எவன் புடிப்பான்? பெல்ட்டு போட்டாத்தான் மேடை ஏத்துவேன்."

அப்படியே ஆனது. எங்கள் கல்யாண ஆல்பத்தில் பட்டு வேட்டிக்கு மேல் நாலு விரல் அகலத்துக்குப் பச்சை பெல்ட் கட்டிய மாப்பிள்ளை நான்தான். வேலையும் அடுத்த வருடம் கன்ஃபார்ம் ஆனது. ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமனார் மற்ற மருமகன்களுக்கு வேட்டி, சட்டை எடுப்பார். எனக்கு மட்டும் வேட்டி, சட்டை, பெல்ட். வீடே காத்திருந்து சிரிக்கும். இதுவரை ஏழு பெல்ட் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன பாக்கெட் உண்டு. போன் கச்சிதமாக உள்ளே போகும். கேம் பெட்டி போகாது. ஏழிலும் வைத்துப் பார்த்துவிட்டேன்.