கட்டு சிஸ்டரும் ஆலங்குளத்து அத்தையும்

ஒருவர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் வாழ்நாள் முழுக்க வைத்தியம் செய்தவர் உலகத்திலேயே ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கட்டு சிஸ்டர்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் அந்தக் காலத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. அதன் பக்கவாட்டில் தனி வாசல் வைத்த ஓர் அறை. ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போடுவது மட்டும்தான் அங்கே வேலை. புளியறை முதல் பாவூர்சத்திரம் வரை எந்த டாக்டருக்காவது ஒரு புண் பிடிகொடுக்காமல் போக்குக் காட்டினால், உடனே ஒரு சீட்டு எழுதி நோயாளியைச் சிஸ்டரிடம் அனுப்பிவிடுவார். நான் தென்காசியில் ஒரு டாக்டரிடம் கிளார்க். சீட்டு எழுதுவது நான். அதற்காகச் சிஸ்டரிடம் திட்டு வாங்குவதும் நானேதான்.

முகம் பார்க்க மாட்டார் என்று சும்மா சொல்லவில்லை. ஒருநாள் பஸ்ஸில் ஒருவர் எழுந்து, "சிஸ்டர், சுகமா இருக்கியளா?" என்று கும்பிட்டார்.

"யாருய்யா நீரு?"

மனிதர் சளைக்கவில்லை. வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டினார். சிஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீயா! நல்லாத் தோல் மூடிட்டியே!" என்று குசலம் விசாரித்தார். மனிதரை அல்ல, முழங்காலை.

கட்டு அறையிலும் புண்ணோடுதான் பேச்சு. "இன்னைக்கு எப்படி இருக்கே?" என்பார். புண்ணின் சொந்தக்காரர், "கொஞ்சம் தேவலை சிஸ்டர்" என்று ஆரம்பித்தால் போச்சு. "அண்ணாச்சி, உம்மகிட்ட யாரு கேட்டா?"

சீட்டு விஷயத்தில் இன்னும் மோசம். ஒருமுறை 'நாள்பட்ட புண்' என்று எழுதி அனுப்பினேன். சீட்டு திரும்பி வந்தது. பின்பக்கம் சிவப்பு மையில், 'எத்தனை நாள்? நாள்பட்டது என்று எழுத இது என்ன ஊறுகாயா?' என்று எழுதியிருந்தது. அன்று முதல் நாலு வரி கட்டாயம். பெயர், புண் எங்கே, எத்தனை நாள், கூட இருப்பவர் யார். நாலாவது வரி இல்லாத சீட்டைக் கையால் தொட மாட்டார். செவ்வாயும் வெள்ளியும் அவர் கட்டுவார், மற்ற நாளில் வீட்டில் யாராவது கட்டு மாற்ற வேண்டும். ஆள் இல்லாதவர்களைப் பின்பக்க வார்டில் படுக்க வைத்துவிடுவார். புண் ஆறும்வரை விடுதலை கிடையாது.

இந்தச் சட்டம் ஒருநாள் என் காலுக்கே வந்தது.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். அப்பாவும் அம்மாவும் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒருநாள் சோறு வடிக்கும்போது கொதிகஞ்சி வலது பாதத்தில் கொட்டிவிட்டது. பற்பசை தடவினேன். பேனா மை தடவினேன். மூன்று வாரத்தில் பாதம் பூசணிக்காய் ஆயிற்று.

டாக்டர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் சீட்டு எழுதுதீரே, உமக்கு ஒண்ணு எழுதிக்கிட்டா என்னவே? இப்படியே விட்டா கால எடுக்கணும்."

எழுத உட்கார்ந்தேன். மூன்று வரி மடமடவென்று வந்தது. நாலாவதில் பேனா நின்றுவிட்டது. 'யாருமில்லை' என்று எழுதினால் வார்டு. மாதக் கணக்கில் வார்டில் கிடந்தால் என் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவான். அது ஒரு காரணம். உண்மையான காரணம், அந்த வார்த்தையை என் கையெழுத்திலேயே பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. 'ஆலங்குளத்து அத்தை' என்று எழுதிவிட்டேன். எனக்கு ஆலங்குளத்தில் அல்ல, அகில உலகத்திலும் அத்தை கிடையாது.

"அத்தையக் கூட்டிட்டு வாலே. கட்டு மாத்தச் சொல்லிக் குடுக்கேன்" என்றார் சிஸ்டர்.

"அத்தைக்குக் காய்ச்சல் சிஸ்டர்."

அடுத்த தடவை அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். அதற்கடுத்த தடவை அத்தைக்கு வெட்கம் என்றேன்.

"அத்தையான வயசுல என்னலே வெக்கம்?"

பிறகு அவரும் விட்டுவிட்டார். வாய்மொழியாகச் சேதி சொல்லி அனுப்ப ஆரம்பித்தார். "அத்தைகிட்ட சொல்லு, சோப்புப் போட்டுக் கைகழுவிட்டுத்தான் துணியத் தொடணும்." "அத்தைகிட்ட சொல்லு, தினம் ஒரு முட்டை அவிச்சுக் குடுக்கணும்."

நான் அறைக்கு வந்து கைகழுவி, தரையில் உட்கார்ந்து, காலை மடியில் எடுத்து வைத்துக் கட்டு மாற்றுவேன். முட்டை அவிப்பேன். சிரிக்காதீர்கள், சில நாள் அத்தையை அதட்டவும் செய்திருக்கிறேன். "என்னத்தை, முட்டை இன்னுமா வேவுது?" அப்போது சாரல் காலம். கீழே பஸ் பஸ்ஸாகக் குடும்பங்கள் அருவிக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்த அறையில் என் குரலை நானே கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது.

இரண்டு மாதத்தில் புண் மூடியது. சிஸ்டர் புதுத்தோலை விரலால் தடவி, "சமத்து" என்றார். தோலைத்தான். அப்புறம் துணியைச் சுருட்டிக்கொண்டே, "அத்தை இனி ஊருக்குப் போவலாம்" என்றார்.

"சரி சிஸ்டர்."

"எதிர உக்காந்து கட்டுதவளுக்கு முடிச்சு வெளிப்பக்கம் விழும். தன் காலுக்குத் தானே கட்டுனா உள்பக்கம் விழும். மொத நாளே தெரியும்லே எனக்கு."

"பின்ன ஏன் என்னைய வார்டுல போடல?"

"இல்லாத அத்தைக்குப் பயந்து ஒழுங்கா முட்டை தின்னியே. ஆளு உள்ளவனே அப்படித் திங்க மாட்டுக்கான்."

அடுத்த வருஷம் சாரல் சீசனில் ஒரு நோயாளியின் சீட்டோடு அங்கே போனேன். சிஸ்டரின் வலது முன்கையில் கட்டு. ஊசி கொதிக்க வைக்கிற தண்ணீர் கொட்டியிருக்கிறது. கட்டுக்கு மேலே கை சிவந்து வீங்கியிருந்தது. முடிச்சைப் பார்த்தேன். உள்பக்கம் விழுந்திருந்தது. துணியின் நுனி பல்லால் கடித்து இழுத்ததில் நைந்து போயிருந்தது.

"என்ன சிஸ்டர் இது?"

"ஒண்ணுமில்ல. வந்த சோலியப் பாரு."

ஊருக்கெல்லாம் கட்டுப் போடுகிற கைக்குக் கட்டுப் போட ஒரு கை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில் அவர் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அத்தனை பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவரிடம் யாருமே அதைக் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சீட்டை எடுத்தேன். முதல் வரியிலேயே பேனா நின்றது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. 'கட்டு சிஸ்டர்' என்று எழுதினேன். புண் எங்கே: வலது முன்கை. எத்தனை நாள்: கேட்டால் எரிந்து விழுகிறார். கூட இருப்பவர்: ஆலங்குளத்து அத்தை.

உள்ளே போய் நீட்டினேன். நாலே நாலு வரியை அவர் வெகுநேரம் படித்தார். பிறகு தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினார்.

"அத்தைகிட்ட சொல்லு, முடிச்சு வெளிப்பக்கம் விழணும்."

அந்தச் சாரல் முடியும்வரை, ஒருநாள் விட்டு ஒருநாள், ஆலங்குளத்து அத்தை தென்காசியில் பஸ் ஏறிப் போய்க் கட்டு மாற்றிவிட்டு வந்தாள். போகும்போதெல்லாம் மறக்காமல் ஓர் அவித்த முட்டையும் கொண்டுபோனாள்.