வேம்பு எழுதிய புத்தகங்கள்

தி.நகர்ல சேலைக்குக் கூட்டம் நிக்கும், நகைக்குக் கூட்டம் நிக்கும். ஆனா பனகல் பார்க் பக்கத்துச் சந்துல, ஒரு செல்போன் கடை மாடிப்படியில, காலேஜ் பசங்க செருப்பைக் கழட்டிக் கையில வெச்சிக்கினு நிக்கறாங்களே, அது எதுக்கு? ப்ராஜெக்டுக்கு! மேல ஏஐ சித்தர் இருக்காரு.

சித்தர்னா யாரோ இல்ல. போன வருஷம் வரைக்கும் அதே ரூம்ல பிரிண்டருக்கு மை ஊத்திக்கினு இருந்த பொன்ராஜ்தான். இப்போ லேப்டாப்புக்குச் சந்தனம், மவுஸுக்கு எலுமிச்சம்பழம்.

"மத்த ஏஐ எல்லாம் பொய் சொல்லும் நைனா. நம்மள்து சுத்தம். ஓலைச்சுவடி ஊட்டி வளர்த்தது."

தலைப்பைச் சொன்னா போதும். நீங்க எந்தெந்தப் புத்தகம் படிச்சு ஆராய்ச்சி பண்ணீங்கன்னு, நீங்க படிக்காமலே பட்டியல் வந்துடும். ஒரே ஒரு கட்டுப்பாடு: வந்த வாக்கைத் தேடிப் பார்க்கக் கூடாது. பார்த்தா பலிக்காது! எஞ்சினியரிங் பசங்க கூட பயபக்தியா தலையாட்டினாங்க.

எகனாமிக்ஸ் படிக்கிற சாய்மாவும் ஆட்டினா. பிளாட்பாரக் கடைகளைப் பத்தி அவ ப்ராஜெக்ட். வெயில்ல கடை கடையா நின்னு பேசி எழுதினது அவளோட சொந்த வேலைதான். கடைசிப் பக்கத்துப் புத்தகப் பட்டியல் மட்டும் சித்தர் குடுத்தது. இப்போ அவ பயமே அந்தப் பட்டியல்தான். போன செமஸ்டர்ல, இல்லாத புத்தகத்தைப் போட்ட ஒரு சீனியரோட ப்ராஜெக்டையே நஸ்ருன்னிசா மேடம் ரத்து பண்ணிட்டாங்க. நாளன்னைக்கு இவளுக்கு அதே மேடம்கிட்ட வைவா. அத்தா வேற, தையக் கடையில அளவு எடுக்கும்போதெல்லாம் "எம்பொண்ணு ஆராய்ச்சி பண்ணுது"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டாரு.

அதான், வைவா நல்லபடியா முடிய சித்தர்கிட்ட இன்னொரு வாக்கு கேக்கலாம்னு வந்து நிக்கறா. கூடப் படிக்கிற மாளவிகா மூச்சு வாங்க ஓடி வந்தா.

"சாரிடி, வேம்புவைக் குளிப்பாட்டிட்டு வரேன். ஆத்துக் கூடத்தையே நனைச்சுட்டான். ஆமா, அந்தப் பட்டியல்ல ஒரு புக்கையாவது தேடிப் பார்த்தியோ?"

"ஐயோ, பார்த்தா பலிக்காதுடி!"

"ஏன்டி, ஆட்டோக்காரர் வழி சொன்னா அதையே இன்னொருத்தர்கிட்ட கேட்டுண்டு போறோம். இது என்ன, குலதெய்வமா?"

மாளவிகா விறுவிறுன்னு மேல போனா. "சாமி, மந்தைவெளி வேம்புவோட பொருளாதாரக் கொள்கைக்குப் புத்தகம் வேணும்."

சித்தர் தட்டினாரு. கண்ணை மூடினாரு. லேப்டாப் கொஞ்சமும் யோசிக்கல: முனைவர் வேம்பு, பேரறிஞர், 'நடைபாதையும் வறுமையும்' முதலிய ஆறு நூல்களின் ஆசிரியர்!

"இன்னா பாப்பா, வேம்பு அய்யாவைத் தெரியாதவன் கீறானா? எனக்கு குரு மாரி. என் தலைல கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணவரு!"

வரிசை மொத்தமும் "ஆகா"ன்னுது.

மாளவிகா போனை நீட்டினா. போட்டோவுல ஒரு செவலை நாய், நாக்கைத் தொங்கப் போட்டுக்கினு உக்காந்திருந்தது. "இதோ உங்க குரு. காலைல என் செருப்பைக் கடிச்சுண்டு இருந்தார்."

"கையா வெச்சாரு? முன்னங்காலா, சாமி?"ன்னு பின்னாடி எவனோ கத்தினான். மாடிப்படி குலுங்குச்சு.

"செக் பண்ணிட்டீங்கள்ல, அதான் சக்தி பூட்ச்சி!"ன்னாரு சித்தர்.

"என் நாயை நான் எங்க தேடினேன்? கட்டிப் போட்டுட்டுதானே வந்தேன்."

எல்லாரும் சிரிச்சாங்க. சாய்மா சிரிக்கல. போனை எடுத்து, லைப்ரரி சைட்ல தன் பட்டியலை ஒவ்வொண்ணா தேடினா. முக்காவாசிப் புத்தகம் இல்லவே இல்ல; எழுதினவங்க எல்லாம் வேம்புவோட சொந்தக்காரங்க.

ரெண்டு பேரும் லைப்ரரியில போய் உக்காந்தாங்க. ஏஐ கிட்டயும் கேட்டாங்க, ஆனா அது சொன்ன புத்தகம் ஷெல்ஃப்ல இருக்கான்னு பார்த்து, எடுத்து, படிச்சப்புறம்தான் புதுப் பட்டியல்ல எழுதினாங்க. எதுக்கெல்லாம் ஏஐ கிட்ட உதவி கேட்டான்னு சாய்மா முதல் பக்கத்துலயே போட்டுட்டா.

வைவாவுல மேடம் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாங்க.

"என்னம்மா, பட்டியல் இவ்ளோ சின்னதா இருக்கு?"

"படிச்சது அவ்ளோதான், மேடம்."

மேடம் நிமிர்ந்து பார்த்தாங்க. அப்புறம், "சரி, படிச்சதைப் பத்திப் பேசு"ன்னாங்க. சாய்மா பேசினா. பேச அவகிட்ட நெறைய இருந்துச்சு.

பனகல் பார்க் சந்துலயா? மறுவாரமே அதே சித்தருக்குப் புது போர்டு, புதுக் கூட்டம். கையில செருப்பு.

ஒண்ணு மட்டும் சொல்றேன். செக் பண்ணா பலிக்காதுன்னு யாராவது சொன்னா, மொத வேலையா அதைத்தான் செக் பண்ணுங்க.